ஆறிப்போன புல்மூட்டை

கிரெஸென்ஸுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, முதுகுதான் நிற்கும். சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது எதிரே வந்து நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பாள். அவர் சலித்துப்போய்த் திரும்பி நடக்கத் தொடங்கியதும், "அடடே, நம்ம பல் டாக்டரு!" என்று பின்னாலேயே ஓடுவாள்.

பவேரியாவின் தெற்கே, பசுக்களுக்கும் குளிர்நீர் வைத்தியத்துக்கும் பேர்போன ஊர் அது. அங்கே வால்புர்கா நடத்தும் ஆரோக்கிய விடுதியில் விடியும் முன் புல்மூட்டை போடுவதுதான் கிரெஸென்ஸின் வேலை. மலைப்புல்லைப் பூவும் விதையுமாக உலர்த்தி, துணிப்பையில் அடைத்து, ஆவியில் சூடாக்க வேண்டும். விருந்தாளி அரைத்தூக்கத்தில் கிடக்கும்போதே விளக்கைப் போடாமல் உள்ளே போய், முதுகுக்கடியில் மூட்டையைச் செருகி, கைக்குழந்தையைச் சுற்றுவதுபோலக் கம்பளியால் சுற்றிவிட்டு வந்துவிட வேண்டும்.

சூட்டை அவள் கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்பாள். அதனாலேயே அவளுடைய இடது கன்னம் வலது கன்னத்தைவிட எப்போதும் ஒரு படி சிவப்பு. ஒரு பனிக்காலத்தில் அவள் மூட்டையோடு முற்றத்தைக் கடந்தபோது, அந்த வாசனைக்கு எதிர்த்தொழுவத்துப் பசுக்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டன. ஏறியது ஒரே ஒரு பசுதான் என்று வால்புர்கா இன்றுவரை சாதிக்கிறாள்.

கிரெஸென்ஸின் கணவன் பால் வண்டி ஓட்டியவன். சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. விடுதியின் கூரையடி அறையே அவளுக்கு வீடாயிற்று. பிறகு ஒரு மே மாதம் கொர்பீனியன் ஹுட்னர் வந்தார்.

அவர் ஆக்ஸ்பர்க்கில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்த வருஷம் முதுகு பிடித்துக்கொண்டது. மறு வருஷமே வலி போய்விட்டது. ஆனாலும் மே மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். ஆயுள் முழுக்கக் கைப்பிடியைச் சுற்றியதில் இடது தோள் கொஞ்சம் இறங்கிய முதுகு. கிரெஸென்ஸ் அதை இருட்டிலும் அறிவாள்.

அவருக்கு அவளிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. பகலில் எங்கே திரும்பினாலும் ஆள் நடமாட்டம். விடியலில்தான் இருவரும் தனியாக இருப்பார்கள். அவள் கதவைத் திறந்ததும் விறைப்பாக எழுந்து உட்காருவார். "கிரெஸென்ஸ், உங்ககிட்ட ஒண்ணு..." என்பார். சூடான மூட்டை முதுகில் படும். "ஒண்ணு..." என்பார். அதற்குள் குறட்டை கிளம்பிவிடும். அந்த அதிர்வில் கீழே சமையலறையில் காப்பிக் கோப்பைகள் தாளம் போடும்.

இப்படியே வருஷங்கள் போயின. இந்த முறை மட்டும் அடுத்த மே மாதத்தை நம்பி இருக்க முடியாது. கிரெஸென்ஸ் வேலையை விட்டு ஹாம்பர்க்கில் அக்காவோடு போய் இருப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். அது அவருக்கும் தெரியும். அவர் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் வால்புர்கா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கெளம்புறாரு. நீயாச்சும் வாயத் தொறந்து கேட்டுடேன்டி."

"நான் எதுக்குக் கேக்கணும்? சொல்லணும்னு தவிக்கிறது அவருதானே."

"மூட்டைய வெச்சதும் தூங்கிடுறாரே, பாவம்."

"அது என் கைராசி."

"ஆமா, அந்தக் கைராசிய ஹாம்பர்க் தொறைமுகத்துக்குக் கொண்டுபோயி அங்க மீனுக்கெல்லாம் ஒத்தடம் குடு."

மறுநாள் விடியலில் கிரெஸென்ஸ் ஒரு மூட்டையை ஆவியிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அது ஆறும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஆறிய மூட்டையை உடம்பில் வைக்கவே கூடாது என்பதுதான் அந்த வைத்தியத்தில் முதல் பாடம். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மீறாதது. மூட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. எடுத்துப்போய் அவர் முதுகுக்கடியில் செருகினாள்.

"ஐயோ! என்னங்க இது? தவளையப் புடிச்சு உள்ள விட்டுட்டீங்களா?"

"மூட்டைதான். ஆறிப்போச்சு."

"உங்க மூட்டை ஆறுமா?"

"இன்னைக்கு ஆறும். முழிச்சுட்டீங்கல்ல? சொல்லுங்க."

இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்த வாய், நேரம் வந்ததும் ஒட்டிக்கொண்டது. "ஒடம்பு வெடவெடங்குது" என்றார்.

"பின்ன வெடவெடக்காம? எந்திரிங்க. ஈரப்புல்லுல நடந்தாத்தான் சூடு ஏறும்."

நீளமான இரவு அங்கியோடு, வெறுங்காலில், அந்த ஊர் வழக்கப்படி கொக்கைப்போல ஒவ்வொரு காலாக உயரத் தூக்கி அவர் புல்வெளியில் நடந்தார். அவள் பக்கத்திலேயே நடந்தாள். மாடியில் திரைச்சீலைகள் அசைந்தன. அவர் பிரேக்கைப் பற்றிப் பேசினார். வளைவில் சக்கரம் கிறீச்சிடுவதைப் பற்றிப் பேசினார். மழைநாளில் தண்டவாளம் வழுக்குவதைப் பற்றி விலாவாரியாகப் பேசினார். ஆயுசுக்கும் மீறாத பாடத்தை இதற்காகவா மீறினோம் என்று அவள் நொந்துகொண்டாள். அவர் பாதங்களில் சிவப்பு ஏறிவிட்டது. இனி அறைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.

ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"ஹாம்பர்க்ல டிராமே கெடையாது. தெரியுமா?"

"அதுக்கு?"

"டிராம் இல்லாத ஊர்ல போயி என்ன பண்ணப் போறீங்க? எங்க ஊர்ல இருக்கு. என் வீட்டு வாசல்லயே நிக்கும். உள்ள ஒரு ஆளுக்கு எடமும் இருக்கு."

"டிராம்லயா, வீட்லயா?"

"வீட்ல."

"மொதல்ல காலக் கீழ வைங்க. விழுந்து வெக்கப் போறீங்க."

"பதில் சொன்னாத்தான் வைப்பேன்."

அவர் தள்ளாடினார். இறங்கியிருந்த அந்த இடது தோளை அவள் கையால் தாங்கிக்கொண்டாள். தோளைப் பிடித்தபடியே அந்த முகத்தை, முதல் முறையாக, நன்றாகப் பார்த்தாள்.

"அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். "ஆனா எனக்கு ஜன்னலோர எடம் வேணும்."

அவர் காலைக் கீழே வைத்தார்.

அன்று மற்ற எந்த அறைக்கும் புல்மூட்டை போகவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் ஜன்னலில்தான் இருந்தார்கள்.