போர்டில் எல்லோரும் வந்துவிட்டார்கள்!

போன மாதம் என் வீட்டுக்காரரைப் பனாமா காட்டில் தொலைத்துவிட்டேன். பதறாதீர்கள். திரும்பக் கிடைத்துவிட்டார். இதோ, பக்கத்து அறையில் டி.வி. அலறுகிறதே... அவர்தான்!

காலேஜ் படிக்கும் எங்கள் மகளின் ஏற்பாடு இது. "வருஷா வருஷம் நயாகராவா? போர்ரிங்!" என்று சொல்லி, நியூஜெர்சியிலிருந்து எங்களை ஒரு குட்டிக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டாள். கூட வந்தவர்கள் எல்லாம் ரிட்டயரான அமெரிக்கர்கள். அமெரிக்கா கையில் இருக்கும் பனாமா கால்வாய் அடுத்த வருஷம் பனாமாக்காரர்கள் கைக்குப் போகிறதாம்; அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு துடிப்பு.

கால்வாய்க்கு நடுவே பெரிய ஏரி. ஏரிக்குள் பாதுகாக்கப்பட்ட மழைக்காட்டுத் தீவு. கப்பலை ஏரியிலேயே நிறுத்தி, சின்னப் படகுகளில் கரைக்கு அழைத்துப் போனார்கள்.

கப்பலை விட்டு இறங்கும் வாசலில் ஒரு போர்டு. ஆளுக்கொரு நம்பர் போட்ட டேக். இறங்கும்போது சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் வெள்ளைப் பக்கம். எல்லாம் வெள்ளையானால்தான் கப்பல் நகரும். எவ்வளவு சுலபமான ஏற்பாடு! அதிலும் குளறுபடி செய்ய ஓர் ஆள் வேண்டாமா? நான் இருக்கிறேனே!

எங்கே போனாலும் பத்தடி முன்னால் நடப்பது என் வீட்டுக்காரரின் வழக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் ஐசலின் கடைத்தெருவிலும் அப்படித்தான், பிரிட்ஜ்வாட்டர் கோயில் பிராகாரத்திலும் அப்படித்தான். நான் பின்னால் பையோடு ஓட வேண்டும். காட்டிலும் முன்னால் போய்விட்டார். மரத்தின் உச்சியில் குரங்குகள் போட்ட கூச்சலில் நானும் அவரை மறந்துவிட்டேன். திடீரென்று மழை கொட்டியது. எல்லோரும் ஒரே நிற ரெயின்கோட். யார் முகம் தெரிந்தது? முதல் படகில் போயிருப்பார் என்று நினைத்து, நான் கடைசிப் படகில் ஏறினேன்.

கப்பலுக்கு வந்து பார்த்தால், அவருடைய டேக் சிவப்பாகவே இருக்கிறது. என்ன நினைத்தேன் தெரியுமா? 'வழக்கம்போல மறந்துட்டார்!'

ஈர டவலை எடுத்துக் காயப்போடுவது நான். பாத்ரூம் லைட்டை அணைப்பது நான். இதையும் நானே செய்தேன். என் டேக்கைத் திருப்பிய கையோடு அவருடையதையும் திருப்பிவிட்டு வந்தேன்.

குளித்தேன். புடவை மாற்றினேன். டைனிங் ஹாலிலிருந்து வெந்நீரும் பாலும் வாங்கி வந்து, ஊரிலிருந்து எடுத்துப்போன காபிப் பொடியில் இரண்டு கப் காபி கலந்தேன். மனிதர் மேல்தளத்தில் யாரோடோ அரட்டை அடித்துக்கொண்டிருப்பார், காபி நேரத்துக்கு வந்துவிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். என் காபி தீர்ந்தது. அவருடையது ஆறி ஆடை கட்டிவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து காபி நேரம் தவறியவர் இல்லை அவர். கீழே இன்ஜின் உறுமத் தொடங்கியது.

ஓடினேன். வாசலில் இருந்த பெண் அதிகாரி போர்டைக் காட்டினாள். "எல்லோரும் வந்துவிட்டார்கள், மேடம்."

"இல்லை! அதைத் திருப்பியது நான்!"

அந்தப் பெண்ணின் முகம் மாறியதே... இன்னும் கண்ணில் நிற்கிறது. உடனே வாக்கி-டாக்கியில் கேப்டனைக் கூப்பிட்டாள். கப்பலை ஏற்றி இறக்கும் அடுத்த லாக்கை, அதாவது மதகை, கடக்க எங்கள் முறை வந்திருந்தது. அதை விட்டால் எத்தனை நேரம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. அந்தக் கேப்டன் நன்றாக இருக்க வேண்டும் - ஒரு வார்த்தை கேட்காமல் கப்பலை நிறுத்திப் படகை அனுப்பினார்.

என் வீட்டுக்காரருக்கு சுகர். காலையில் மாத்திரை போட்டிருக்கிறார். பசி தாங்காது, மயக்கம் வந்துவிடும். அவருடைய பிஸ்கட் பாக்கெட்? என் கைப்பையில்! கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். இருட்டிக்கொண்டு வந்தது. காடு வெறும் கறுப்பாகத் தெரிந்தது.

கடைசியில் படகு தெரிந்தது. போனபோது இரண்டு தலை. இப்போது... மூன்று! ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில் ஒருவர் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டு வந்தார். சத்தமாகவே அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற அமெரிக்கப் பாட்டி என்னைக் கட்டிக்கொண்டார்.

"எங்க போனீங்க?"

"எறும்பு பாத்துட்டு இருந்தேம்மா. தலைல இலையைத் தூக்கிக்கிட்டு லைனா போகுது. நம்ம ஊர் டர்ன்பைக் ரோட்டுல கூட அப்படி ஒரு லேன் டிசிப்ளின் கிடையாது. நிமிந்து பாத்தா ஒருத்தரையும் காணோம்!"

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"என்ன பயம்? அங்க ஒரு ஃபாரஸ்ட் கார்டு இருந்தான், வாழைப்பழம் குடுத்தான். என் டேக்தான் ரெட்ல இருக்குமே, கட்டாயம் ஆள் அனுப்புவாங்கன்னு ஜாலியா உக்காந்திருந்தேன்."

அந்தப் பெண் அதிகாரிக்குத் தமிழ் தெரியாமல் போனது என் அதிர்ஷ்டம்; தெரிந்திருந்தால் அப்போதே போட்டுக்கொடுத்திருப்பாள். ஆனால் மறைக்க மனசு வரவில்லை.

"அது ரெட்ல இல்லைங்க. நான் திருப்பிட்டேன்."

என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"காபி இருக்கா?" என்றார்.

அப்புறம், காத்திருந்து மறுபடி எங்கள் முறை வந்ததும், அந்த லாக். ராட்சச இரும்புக் கதவுகள் திறந்து மூடின. தண்ணீர் இறங்க இறங்கக் கப்பலும் இறங்கியது. பார்க்கக் கிடைக்காத காட்சி என்று எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். நானும் கேமராவில் ஒரு ஃபிலிம் ரோல் முழுவதும் எடுத்துத் தள்ளினேன்.

போன வாரம் பிரிண்ட் வந்தது. மகள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அப்பா முன்பக்கம். அப்பா பின்பக்கம். அப்பாவின் வழுக்கை. அப்பா கொட்டாவி.

"வேர் இஸ் த கனால், அம்மா?"

அது எங்கே போய்விடப்போகிறது, சொல்லுங்கள்!