அக்கா படிப்பு ட்ரே

1. இரண்டாவது ரிவ்யூ

"பழைய ஃபிக்ஸரும் நல்லா வேலை செய்யுது. புது ஃபிக்ஸரும் நல்லா வேலை செய்யுது. அப்புறம் என்னத்துக்கும்மா இந்த புராஜெக்ட்?"

எங்கள் கைடு சார் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், என் வாய் அப்படி. அவரோ என் கிராஃபைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தார். ஃபிக்ஸர் என்றால் கடையும்போது ஜாப்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பிடிமானம். சிவப்புக் கோடு பழைய ஃபிக்ஸர், பச்சைக் கோடு நான் டிசைன் செய்த புது ஃபிக்ஸர். இரண்டும் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி மாதிரி ஒட்டிக்கொண்டே போயின.

"வித்தியாசமே இல்லாம ஃபைனல் வைவாவுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த செமஸ்டர் பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்த செமஸ்டர் என்றால் என் சோலி முடிந்தது. நான் மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி இன்சார்ஜ். தை மாதம் அங்கே டிசைன் செக்ஷன் தொடங்குவதாக ஏற்பாடு. எம்.இ. படித்தவர்தான் டிராயிங்கில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கஸ்டமர் கம்பெனி நிபந்தனை வைத்துவிட்டது. முதலாளி என்னிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார்: "ஏம்மா செல்வி, டிகிரி கையில இருந்தா அந்தச் சேர் ஒனக்கு. இல்லாட்டி கோயம்புத்தூர்லருந்து ஆளை எறக்கிருவேன். கோவிச்சுக்காத."

எனக்கு அந்தச் சேர் வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும். அடுத்தவர் போட்ட டிராயிங்கை வைத்துக்கொண்டு சரி, தப்பு என்று டிக் அடித்தே என் இளமை போய்விட்டது.

2. எந்த எம்.இ.?

இதைப் படிக்கிற பி.இ. மெக்கானிக்கல் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். என்னிடம் போனில் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "அக்கா, எம்.இ.ல எது எடுக்கலாம்?"

முதலில், எப்படிப் படிக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். கேட் தேர்வில் நல்ல ஸ்கோர் இருந்தால் முழுநேரப் படிப்பு, மாதா மாதம் உதவித்தொகை, பெரிய லேப். வேலையை விட முடிகிறவர்களுக்கு அது ராஜ வாழ்க்கை. கேட் இல்லையென்றால் மாநில நுழைவுத் தேர்வு. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தோண்டுகிற பொறுமை இருந்தால் ஆராய்ச்சி வழியில் எம்.எஸ். என்று ஒன்று உண்டு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேலையை விட முடியாதவர்களுக்குப் பகுதிநேர எம்.இ. அதற்கு பி.இ. மார்க் மட்டும் போதாது. வேலை அனுபவம் வேண்டும், வேலை பார்க்கும் இடம் காலேஜுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், "இவர் படிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று கம்பெனியிடம் கடிதமும் வாங்க வேண்டும். எந்த இடத்தில் என்ன கேட்கிறார்கள் என்பது மாறும்; விண்ணப்பிக்கும் முன் அந்தந்தக் காலேஜ் அறிவிப்பை நீங்களே படியுங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று கிளம்பாதீர்கள்.

பிறகுதான் பிரிவு. தெர்மல், மேனுஃபேக்சரிங், டிசைன், இண்டஸ்ட்ரியல் சேஃப்டி என்று வரிசையாக இருக்கும். நான் ஆட்சேபணை இல்லாக் கடிதம் கேட்கப் போனபோது முதலாளி அந்தப் பட்டியலை ஆர்வமாகப் படித்தார்.

"தெர்மல்னா என்னம்மா?"

"வெப்பம் பத்தின படிப்பு சார்."

"மதுரையில இருந்துக்கிட்டு அதுக்குத் தனியா ஒரு டிகிரியா? சித்திரை மாசம் வெளிய நின்னாலே போதுமேம்மா!"

சிரித்தார், கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. படித்து முடித்ததும் நான் சென்னைக்கு பஸ் ஏறிவிடுவேன் என்று அவருக்குப் பயம். "சார், எங்க அப்பாவுக்கு திருமங்கலத்துல இன்னும் வயக்காடு இருக்கு, எனக்கு இங்கயே புருஷன் புள்ளைக இருக்கு, நான் எங்க போறேன்?" என்று தினமும் வாசலில் மறித்துக் கேட்டேன். என் தொல்லை தாங்காமல்தான் போட்டார்.

டிசைன் பிரிவில் சேர்ந்தேன். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் கப்பலூரில் பஸ் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஊரைக் குறுக்கே கடந்து ஒத்தக்கடைப் பக்கம் உள்ள காலேஜுக்குப் போவேன். வகுப்பில் பாதிப் பேர் கிரீஸ் நகத்தோடு உட்கார்ந்திருப்போம். ஃபைனைட் எலிமென்ட் பாடம் நடத்தும்போது யாராவது ஒருவர் குறட்டை விடுவார், பல நாள் அது நான்தான்.

3. முட்டைத் துளை

என் புராஜெக்ட் எங்கள் ஷாப்பின் பழைய தலைவலி. வால்வு பாடி என்று ஒரு ஜாப், வார்ப்பில் வரும் வால்வு வெளிக்கூடு. அதைச் சக் என்கிற தாடைப் பிடியில், அதாவது பழைய ஃபிக்ஸரில், இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துத் துளை கடைவோம். பிடியில் இருக்கும்வரை துளை வட்டமாக இருக்கும். பிடியை விட்டதும் லேசாக முட்டை வடிவத்துக்குப் போய்விடும். ஷாப்பில் இதற்கு ஓவாலிட்டி என்று பெயர். பக்கவாட்டில் இறுக்காமல் மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிற மாதிரி நான் ஒரு ஃபிக்ஸர் டிசைன் செய்தேன். ஒரு மெஷினில் பழையது, இன்னொன்றில் புதியது. இரண்டிலும் ஓடிய பீஸ்களை அளந்து ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான் புராஜெக்ட்.

மெஷின் இரண்டும் ஜமால் அண்ணன் பொறுப்பு. எங்கள் ஷாப்பின் சீனியர் ஆபரேட்டர், காஜிமார் தெருக்காரர். அளக்க வேண்டிய பீஸ்களை அவரே எடுத்து வைப்பார், நான் மத்தியானம் வந்து போர் டயல் என்கிற துளை அளக்கும் கருவியைப் போட்டுக் குறித்துக்கொள்வேன்.

ரிவ்யூவில் வாங்கிக் கட்டிக்கொண்ட மறுநாள் ஒன்றும் ஓடாமல், டீ நேரத்துக்கு முன்பே மெஷின் பக்கம் போனேன். பழைய ஃபிக்ஸரில் ஓடிய பீஸ்களை ஜமால் அண்ணன் ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார். சிலவற்றை ரிஜெக்ட் பெட்டியில் போட்டார். சிலவற்றைப் பனியன் வேஸ்ட் துணியால் பளபளவென்று துடைத்து ஒரு தனி ட்ரேயில் அடுக்கினார். ட்ரேயின் மேல், ஷாப் பையன்கள் என்னைக் கூப்பிடுகிறபடியே, சாக்பீஸால் 'அக்கா படிப்பு' என்று எழுதியிருந்தது.

"ஜமாலண்ணே, இது என்ன ட்ரே?"

"ஒன் பரீட்சைக்குத்தான் தங்கச்சி. நல்ல பீஸா பொறுக்கி வச்சிருக்கேன். ஒண்ணுலகூட கொறை சொல்ல முடியாது, அளந்து பாரு!"

"ரெண்டு மெஷின்லயுமா?"

"பின்ன? ஒண்ணுல மட்டும் செஞ்சா நல்லாவா இருக்கும்?"

ஆத்தாடி! எங்கள் ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு. கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிற நாளில், இருப்பதிலேயே அழகான பீஸ்களைத் துடைத்து முன்னால் அடுக்கி வைப்போம். கப்பலூரில் பல ஷாப்பில் அப்படித்தான். என் படிப்பையும் இவர்கள் ஒரு ஆடிட் ஆக்கிவிட்டார்கள். நல்ல பீஸாகவே அளந்தால் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு போகாமல் வேறு எப்படிப் போகும்?

"அண்ணே, எனக்குக் கெட்ட பீஸும் வேணும்ணே!"

அவர் முகம் மாறிவிட்டது. "என்ன தங்கச்சி பேசுற? பரீட்சைக்குப் போற புள்ளைக்கு எவனாச்சும் கெட்ட பீஸ எடுத்துக் குடுப்பானா? டெய்லி விடியக்காலை பஜ்ரு தொழுகையில ஒனக்கு துஆ செஞ்சிட்டு வாரேன், நானே ஒன்னய ஃபெயிலாக்குறதா?"

கோபத்தில் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது, அழுகையோடு சிரிப்பும் வந்தது. மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

4. வரிசையாக

கைடு சாருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "வைவாவுக்கு முன்னாடி திரும்ப எடும்மா. இந்தத் தடவை மெஷின்லருந்து எந்த வரிசையில விழுதோ, அந்த வரிசையிலயே" என்றார்.

வேளாவேளைக்குச் சாப்பிடாமல் மெஷின் பக்கத்திலேயே நின்றேன். ஜமால் அண்ணன் உர்ரென்று மெஷினை ஓட்டினார். பழைய ஃபிக்ஸரில் ஒரு பீஸ் மோசமாக வந்தது, டயல் முள்ளைப் பார்த்தாலே தெரிகிற அளவுக்கு. நான் நம்பர் எழுதித் திரும்புவதற்குள் அதைக் காணோம்.

"அண்ணே, அந்தப் பீஸு எங்க?"

"எந்தப் பீஸு?"

"ஜமாலண்ணே…"

பனியன் வேஸ்ட் குவியலுக்கு அடியிலிருந்து திருட்டு முழியோடு எடுத்துக் கொடுத்தார். "இம்புட்டு மோசமா இருக்கே தங்கச்சி, இதக் காலேஜ்ல காமிச்சா என் மானம் என்னாகுறது?"

"ஒங்க மானமில்லண்ணே, அந்தச் சக்கோட மானம். அது போகட்டும்."

கோடுகள் பிரிந்தன. ஓவாலிட்டி கூடிச் சிவப்பு மேலே போனது, பச்சை கீழே நின்றது. பச்சையிலும் சில இடங்களில் துளை முட்டையாகத்தான் இருந்தது. ஏன் என்று தேடியபோது, அந்த வார்ப்புகளின் சுவர் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் இருந்தது தெரிந்தது. அதையும் எழுதினேன். "இப்பத்தாம்மா இது புராஜெக்ட்டு" என்று கைடு சார் கையெழுத்துப் போட்டார்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு நேராக இரண்டு டேட்டாவும் இருந்த பக்கத்துக்குத்தான் வந்தார். "எதுக்கு ரெண்டு செட் டேட்டா?"

"மொத செட்டு எங்க ஷாப்புல என் மேல இருக்கிற பாசம் சார். ரெண்டாவது செட்டுதான் ஃபிக்ஸர்."

கைடு சார் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பில் குலுங்கினார். எக்ஸாமினர் முழுக் கதையையும் கேட்டார். அப்புறம் எங்கெங்கோ சுற்றி நிறையக் கேள்வி கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். பாஸ் ஆகிவிட்டேன்.

தை மாதம் டிசைன் செக்ஷன் திறந்த அன்று முதலாளி தேங்காய் உடைத்தார். ஜமால் அண்ணன் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து, "அல்வா இல்ல, எதிர்பாக்காத" என்று நீட்டினார். பிரித்தேன். பனியன் வேஸ்டுக்கு அடியில் அவர் ஒளித்து வைத்த அதே வால்வு பாடி. பளபளவென்று துடைத்திருந்தார்.

"சேர்ல ஒக்காந்ததும் எங்கள மறந்துராத. அடுத்த டிராயிங் போடுறப்ப இத ஒரு தடவ பாத்துக்க" என்றார்.

அது இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. எந்த எம்.இ. எடுக்கலாம் என்று கேட்டு யாராவது நேரில் வந்தால், முதலில் அதைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்வேன். தெர்மலோ, டிசைனோ, சேஃப்டியோ, உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். ஆனால் உங்கள் மேல் பிரியமாக இருப்பவர்களிடம் மோசமான பீஸையும் கேட்டு வாங்குங்கள். அவர்களாகத் தர மாட்டார்கள்.

போன வாரம் கஸ்டமர் ஆடிட். ஜமால் அண்ணன் காலையிலேயே என் அறைக்குள் தலையை நீட்டி, "தங்கச்சி, பீஸ நல்லதா பொறுக்கி வைக்கவா, வரிசையாவே வைக்கவா?" என்று கேட்டார்.

"வரிசையாவே வைங்கண்ணே" என்றேன்.

"அப்ப மொதலாளிக்கு நீயே சொல்லிரு" என்று சொல்லிவிட்டு நைசாக நழுவிவிட்டார்.