டிரைவரின் இடது கால்

வண்டிப்பெரியாரில் பவுல்ராஜ் என்றால் யாருக்கும் தெரியாது, டிரைவர் என்றால்தான் தெரியும். எஸ்டேட் ஜீப்பில் முப்பது வருஷம் கிளட்ச் மிதித்ததில் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி கிளட்சைத் தொட்டால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார் ஓட்டினால் உண்டு, இல்லாவிட்டால் ஸ்டியரிங்குக்கே ஒரு கும்பிடு. டிரைவர் பயந்துபோனார். பயத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி குறை சொல்வது.

மனைவி செபமாலையம்மாளோடு ஷோரூமுக்குப் போனார். விற்பனையாளர் ரிஜின் முதலில் விலை குறைந்த ஏஎம்டி வண்டியை ஓட்டிப்பார்க்கக் கொடுத்தார்.

"சாதா கியர்பாக்ஸ்தாண்ணே. கிளட்ச உள்ள ஒரு மெஷின் மிதிச்சிக்கும்."

தன் வேலையை இன்னொன்று பார்ப்பது டிரைவருக்குப் பிடிக்கவில்லை. போதாததற்கு, கியர் மாறும்போதெல்லாம் வண்டி தயங்கியது. "என்னய்யா, பிரசங்கத்துல தூங்குறவன் மாதிரி தலையாட்டுது?" என்று கேட்டு முடிப்பதற்குள் வளைவு வந்தது. இடது கால் பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடிப்போய், பிரேக்கை ஓங்கி மிதித்தது. பின்சீட்டில் இருந்த செபமாலையம்மாள் முன்சீட்டில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"பிரேக் சரியில்ல" என்றார் டிரைவர்.

அடுத்தது சிவிடி. பெல்ட்டில் ஓடுவதால் கியர் மாறுவதே தெரியவில்லை. ஆனால் ஏற்றத்தில் ஒரே இரைச்சல். "சத்தம் முன்னால போகுது, வண்டி பின்னால வருது. எலெக்சன் ஜீப்பா இது?" மறுபடியும் வளைவு, மறுபடியும் பிரேக்.

மூன்றாவது, எண்ணெயின் விசையில் ஓடும் டார்க் கன்வெர்ட்டர். வெண்ணெயில் கத்தி போலப் போனது. குறையே இல்லை. அதனாலென்ன? "பெட்ரோல் ரொம்பக் குடிக்கும்" என்றார். அடுத்த வளைவில் கால் தன் வேலையைக் காட்டியது. பின்னால் வந்த பஸ்காரன் டிரைவரின் தகப்பனார் வரைக்கும் விசாரித்துவிட்டுப் போனான்.

டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். சொல்லக் குறை எதுவும் மிச்சமில்லை. "எனக்கு வராது, செபமாலை. வீட்டுக்குப் போவோம்."

செபமாலையம்மாள் இறங்கி, முன்சீட்டில் இருந்த ரிஜினின் பக்கக் கதவைத் திறந்தார். "தம்பி, நீங்க பின்னால உக்காருங்க."

எஸ்டேட் ஜீப்பின் முன்சீட் மானேஜருக்குரியது. அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட செபமாலையம்மாள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இப்போது உட்கார்ந்து, அந்த இடது முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எஸ்டேட்ல பொன்னாடை போத்தி உங்களுக்கு ஓய்வு குடுத்தாங்கல்ல? இந்தக் காலுக்கு நான் குடுக்கேன். எடுங்க வண்டிய."

வளைவு வந்தது. கால் துள்ளியது. கை விடவில்லை. வண்டி குலுங்காமல் திரும்பியது.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றார் டிரைவர்.