பயங்கரமான வக்கீல், அஞ்சு நட்சத்திரம்

வக்கீல் ஆபீஸுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன்பின் தெரியாதவர்களுக்கு போன் பண்ண வேண்டும். போன் என்றாலே ஓடி ஒளிகிற உங்களுக்கு நான் மேலே சொல்லவே வேண்டாம்.

நான் படித்தது பத்தாவது வரைதான். அமெரிக்காவில், கலிபோர்னியா சன்னிவேலில் விசா கேஸ் பார்க்கிற வக்கீல் நித்யா, தமிழ்க் கட்சிக்காரர்களிடம் பேச ஆள் தேடினார். அவர் இங்கேயே பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. "மூணு மாசம் பார்ப்போம்" என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். கேஸ் முடிந்தவர்களைக் கூப்பிட்டு கூகுளில் ரிவ்யூ எழுதச் சொல்ல வேண்டும். என்ன எழுதணும், எத்தனை நட்சத்திரம் போடணும் என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றோடு வேலை போச்சு. வொர்க் பெர்மிட்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முதல் வேலை.

முதல் போன்

பேச வேண்டியதைப் பேப்பரில் எழுதி, பாப்பாவை டேகேரில் விட்டுவிட்டு, காருக்குள் உட்கார்ந்தே நம்பரைப் போட்டேன். எடுத்தவர் பக்கத்து ஊர் குபெர்டினோ ஆன்ட்டி ஒருவர். "வக்கீல் ஆபீஸ்லேர்ந்து" என்றதுமே, "பாஸ்போர்ட் நம்பர்லாம் சொல்ல மாட்டேன்" என்றார். பேப்பரில் இருந்ததை, ரிவ்யூ கேட்கிற வரி வரைக்கும், திக்கித் திக்கிப் படித்து முடித்தேன்.

ஆன்ட்டி சொன்னார்: "இவ்ளோ பயப்படுறியே, நீ திருடியா இருக்க மாட்ட. சொல்லும்மா, எங்க எழுதணும்?"

ஒரே ஒரு நட்சத்திரம்

கலிபோர்னியாவிலேயே உள்ள டப்ளினில் மகன் வீட்டில் இருக்கிற ரிட்டயர்டு வாத்தியார் அங்கிளுக்கு கிரீன் கார்டு வந்திருந்தது. போனில் அவ்வளவு புகழ்ந்தார். மறுநாள் பார்த்தால் ஒரு நட்சத்திரம். விதியை மறந்து கூப்பிட்டேன். "அங்கிள், மனசுல ஏதாவது குறையா?"

"குறையா? முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன்மா நான். ஃபர்ஸ்ட் ரேங்க்குக்கு ஒண்ணு போடாம அஞ்சா போடுவாங்க?"

பேச்சே இல்லை

அஞ்சுதான் இங்கே பெரிசு என்று முணுமுணுத்தேன். அவ்வளவுதான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன். அங்கிள் உடனே அஞ்சாக மாற்றி, கீழே தமிழில் ஒரு வரியும் எழுதினார்.

மத்தியானம் நித்யா வீடியோ காலில் வந்தார். கூகுள் அந்த வரியை இங்கிலீஷில் மாற்றி, 'மோசமான வக்கீல், பேசுவதே இல்லை' என்று காட்டியிருக்கிறது. "அஞ்சு ஸ்டார், கீழ திட்டு. பார்க்கிறவங்க ஃபேக்னு நினைப்பாங்க. நீ அவர்கிட்ட என்ன சொன்ன?"

மறைக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "தமிழ்ல என்ன இருக்கு, படி" என்றார். படித்தேன்: "பயங்கரமான வக்கீல். பேச்சே இல்லை."

அடுத்த வேலை தேடுவதா, முதலில் வீட்டுக்காரரிடம் சொல்வதா என்று நான் யோசிக்கத் தொடங்கியபோது, நித்யாவின் உதடு சிரிப்பில் லேசாகக் கோணியது.

"அம்மா பண்ற பிரியாணியை எங்க அப்பா 'பயங்கரம்'னு புகழ்வாரே, அந்தப் பயங்கரமா இது? சரி, ஸ்டார் பத்தி இனிமே யார்கிட்டயும் பேசாத. மத்தபடி நீயும் பயங்கரமாத்தான் வேலை பார்க்குற, மூணு மாசம் முடிஞ்சாலும் இரு."

இருக்கிறேன், ஆனால் போன் மணி அடிக்கும்போது மட்டும் 'பயங்கரம்' என்ற வார்த்தைக்கு எனக்கு இன்னும் பழைய அர்த்தம்தான்.