அரைகுறை முகவரி தராத என் தங்கை

ஐந்து வயதுவரை பேச்சு வராத என் தங்கை, ஏழாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கினாள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தவறி, மறுதேர்வில் தொண்ணூற்றொன்று எடுத்தாள். மூன்று நிறுவனங்கள் கைவிரித்த பிறகு, நான்காவதில் நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தியாகத் தேர்வானாள். இதற்கெல்லாம் சான்றாகத் தாள் இருக்கிறது. அவள் வென்றதில் பெரியதற்கு மட்டும் தாள் கிடையாது; அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். தையற்கடையில் துணி வெட்டுகிறேன். அவள் வேலையை அவளையே துளைத்துக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கணினியில் மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. யாராவது ஒரு கோப்பைத் திறந்தால், காவல் பார்க்கும் நிரல் ‘எந்தக் கோப்பு?’ என்று கெர்னலிடம் கேட்கும். அதன் முழு முகவரியைச் சொல்ல ஓர் உதவி நிரல் தேவைப்பட்டது. அதை வடிவமைக்கும் வேலை இவளிடம் வந்தது.

இவளுடைய மேலதிகாரிக்கு அலுவலகத்தில் ‘பிரேக்’ என்று பட்டப்பெயர். எதைக் காட்டினாலும் “நில்லு” என்பாராம். கெர்னலில் சேரும் மாற்றத்தின் அடியில், பொறுப்பேற்பவர் தன் பெயரை இட வேண்டும். அதுவரை இவள் அவர் பெயரையே போடச் சொல்லித் தப்பித்து வந்தாள். இந்த முறை அவர், “உன் பேர் இல்லேன்னா இது போகாது” என்றுவிட்டார்.

“பேர் போட என்னடி பயம்?” என்றேன்.

“தப்பு நடந்தா ஊரே என்னைத் தேடும்க்கா.”

“தேடட்டும். மாப்பிள்ளை தேடற வேலை எனக்கு மிச்சம்.”

பயத்துக்குக் காரணம் இருந்தது. கோப்புக்குத் தான் இருக்கும் உறை, அதாவது ஃபோல்டர், மட்டுமே தெரியும். உறைக்கு அதன் மேலுறை. அதனால் முகவரியைக் கடைசியிலிருந்து முன்னோக்கித்தான் எழுத முடியும். இடம் போதாவிட்டால் தலைப்பகுதி விட்டுப்போகும். மிச்சம் வேறொரு கோப்பின் முழு முகவரிபோல நிற்கும். காவல் நிரல் அதை நம்பி வழிவிட்டுவிடும். முதலில் இவள் எழுதியது அப்படித்தான் செய்தது. பிறகு மாற்றினாள்: முழுதாகக் கொள்ளவில்லையென்றால் பிழை என்று மட்டுமே சொல்லும், ஓர் எழுத்தும் தராது.

அடுத்த தலைவலி, பூட்டு. ஒரே தகவலில் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் கைவைக்காமலிருக்க, முதலில் வரும் நிரல் அதைப் பூட்டிக்கொள்ளுமாம். முகவரி கேட்கும் நிரல் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டே கேட்க, உதவி நிரலும் அதே பூட்டுக்குக் காத்திருந்தால், கணினி அசையாமல் நின்றுவிடும். வீட்டுக் கணினி ஒன்பது முறை நின்றது. கடைசியில், கெர்னலுக்குள் எந்தெந்த இடங்களிலிருந்து கேட்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டாள். ஒவ்வோர் இடத்தையும் சோதித்த பிறகே சேர்த்தாள். மற்ற இடங்களுக்கு அனுமதி இல்லை.

பட்டியல் முடிந்த அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஸ்பீக்கரில் பிரேக்கின் குரல் கேட்டது.

“பட்டியல்ல இன்னும் ரெண்டு இடம் சேர்த்துடேம்மா. பெரிய வாடிக்கையாளர் கேக்கறார்.”

யார் எது கேட்டாலும் தலையாட்டுகிறவள் இவள். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தேன்.

“முடியாது சார். அங்க பூட்டு யார் கையில இருக்கும்னு எனக்குத் தெரியாது.”

“கோவிச்சுக்குவாரே?”

“கோவிச்சுக்கட்டும் சார். அவர் மெஷின் நிக்கறதுக்கு இது தேவலாம்.”

மறுமுனையில் சிரிப்பு. “இனிமே நீதான் பிரேக். பேரைப் போடு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு விரலால், எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை இட்ட நாள்: 2021 பிப்ரவரி 18.