அத்தைக்கேற்ற சுவர்

அத்தையின் கல்யாணம் தட்டிப்போவதற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சுவர்தான் என்று நைனா முடிவுகட்டியிருந்தார். ராயபுரத்து வீட்டுக்கு வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்போம். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் பொண்ணு கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டன. அவ்வளவு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் யார்தான் கறுப்பாகத் தெரியமாட்டார்கள் என்பது நைனாவின் வாதம்.

மூன்றாவது குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாக இருந்தது. துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் சித்தப்பா, கப்பல் அறைகளுக்குள் பூசி மிஞ்சியதென்று முந்தின நாள் இரண்டு டப்பாக்கள் கொண்டுவந்தார். ஒன்று சந்தனமாம், மற்றது தந்தமாம். சுவரில் பக்கம்பக்கமாக ஆளுயரத்துக்கு இரண்டு பட்டை அடித்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

நைனா அத்தையைக் கூப்பிட்டு முதல் பட்டையின் முன்னால் நிறுத்தினார். பிறகு அடுத்ததன் முன்னால். மறுபடியும் முதலாவது.

"இதுல கொஞ்சம் செவப்பா கீறா" என்றார் சித்தப்பா.

"போடா, அதுலதான் மூஞ்சி எடுப்பா கீது" என்ற நைனா, அம்மாவைப் பார்த்து, "லைட்டப் போடுமே" என்றார்.

வாசலில் கூடிவிட்ட அக்கம்பக்கத்துப் பெண்களில் ஒருத்தி, "பொடவ வாங்கப் போனாகூட இம்மாம் நேரம் பாக்கமாட்டோம்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிக்கிற புள்ள, நீ சொல்றா" என்றார் நைனா. நான் பொறுப்போடு கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன்.

அப்போதுதான் அத்தை குனிந்தாள். ஒரு டப்பாவுக்குள் கையை விட்டு வலது கன்னத்தில் அப்பினாள். மற்றதில் விட்டு இடது கன்னத்தில் அப்பினாள்.

"செவுத்துக்கு இன்னாத்துக்குண்ணா பூசிக்கினு கீற? இப்ப சொல்லு. எதுல நல்லா கீறேன்?"

சிரிப்பு நின்றுபோயிற்று. சித்தப்பாவின் பிரஷ் அவர் காலிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. பெயிண்ட் அத்தையின் தாடையிலிருந்து ஜாக்கெட்டில் வழிந்தது. அவள் துடைக்காமல் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் அந்த முகத்தையே பார்த்தேன். சுவரில் அவ்வளவு நேரம் பிடிபடாத வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. வலது கன்னத்தில் லேசாக மஞ்சள் ஓடியது. இடது கன்னம் பாலேடு மாதிரி இருந்தது. விடை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், "அத்தே, எடது..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். சரியான விடையைச் சொல்லவிடவில்லையே என்று அன்று முழுக்க எனக்கு அம்மாமேல் கோபம்.