வாடைக்கு அடைத்த யன்னல்

நெடுந்தீவில் மாரி தொடங்கியதும் யன்னல் இடுக்குகளில் ஆண்கள் உடுத்திக் கழித்த பழஞ்சாரத்தைச் செருகிவிடுவோம். வாடைக்காற்று பட்டால் பிள்ளைகளுக்கு மூக்கடைத்துத் தடிமன் வரும் என்பது ஊரில் எவரும் கேள்வி கேட்காத விஷயம். நானும் அடைத்தேன். வாடை அடிக்கிற வடக்கு யன்னலை மட்டுமல்ல, அடிக்காத தெற்கு யன்னலையும்.

சண்டை ஓய்ந்திருந்த வருஷம் அது. என் மகளுக்கு ஒரு வயது நிரம்பவில்லை. அவளுக்கு மூச்சிழுப்பு இருந்தது. சாதாரணத் தடிமனே நெஞ்சில் இறங்கிவிடும். இழுப்பு முற்றினால் யாழ்ப்பாணத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது.

அந்த மாரியில் என் கணவரின் அக்காவின் ஓலைக்கூரை ஒழுகியது. அவர் மூன்று பிள்ளைகளோடு எங்கள் ஓட்டு வீட்டுக்கு வந்தார். கடைசிப் பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் ஒழுகாத அறை ஒன்றுதான். எல்லோரும் அதற்குள்தான் படுத்தோம். காயாத துணிகளும் மண்ணெண்ணெய் விளக்குமாக உள்ளே மூச்சு முட்டியது. பையனின் அக்காமார் இருவரும் காய்ச்சலில் விழுந்தார்கள். பிறகு என் மகள்.

"பாத்தீரே, வாடை செய்த வேலையை" என்று மச்சாள் சாரத்தை இன்னும் இறுக்கினார்.

மகள் மூச்செடுக்கையில் விலா உள்வாங்கத் தொடங்கியது. கணவர் துறைக்குப் போய், படகோட்டும் தண்டையலைக் கேட்டு, நனைந்து வந்தார்.

"ஏலாதாம். கடல் அடங்கட்டாம்."

பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு யோசித்தேன். இந்த அறைக்குள் வாடை வரவே இல்லை. வந்தது பையனின் தடிமன்தான். எழுந்து தெற்கு யன்னலின் சாரத்தை உருவினேன்.

"உமக்கென்ன விசரே?"

"வாடை மற்றப் பக்கம், மச்சாள். இதால புழுக்கம் மட்டும்தான் போகும்."

"ஓம், தண்டையல் அம்மா சொன்னால் சரிதான்! நாளைக்குப் படகையும் நீரே ஓட்டும்."

யன்னல் திறந்ததால் இழுப்பு நிற்கவில்லை. மறுநாள் பின்னேரம் காற்று தணிந்து படகு புறப்பட்டதால்தான் பிள்ளை தப்பினாள். யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு மருந்துப்புகை கொடுத்த டாக்குத்தரிடம் நடந்ததைச் சொல்லி, வாடை பட்டதோ என்று கேட்டேன்.

"காத்துப் பட்டதால இல்லை, அம்மா. காத்து வராமல் அடைச்சுப்போட்டு எல்லாரும் ஒரு அறைக்குள்ள கிடந்ததால. தடிமன்காரப் பிள்ளையைத் தள்ளிப் படுக்க வையுங்கோ."

டாக்குத்தர் சொன்னதை மச்சாளிடம் சொன்னேன். அடுத்த மாரியிலும் அவரின் கூரை ஒழுகியது. பையனுக்குத் தடிமன். வந்ததும் அவனை, அடுப்போரம் மட்டும் நனையாத குசினிக்குள் தன்னோடு படுக்கவைத்தார். பிறகு அறைக்கு வந்து தெற்கு யன்னலின் சாரத்தை உருவினார்.

"இந்த யன்னல்தானே, தண்டையல்?"

மகளுக்கு அந்த மாரியிலும் தடிமன் வந்தது. ஆனால் கடல் அடங்கி, படகு ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகுதான்.